ஏழரை டயர்

சைகோனிலிருந்து என் அண்ணன் திரும்பி வந்தபோது பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் கிடைத்திருந்தது. இடது முழங்கால் மடங்காமல் போயிருந்தது. ஊரில் எல்லோரும் அவரை சொல்தா, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய், என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து பென்ஷன் வாங்கிச் சாப்பிடுவது அவருக்குச் சரிப்படவில்லை. புதுச்சேரியில் கொடி மாறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். மதராஸில் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், ஒரு ஜீப்போடு சாரத்தில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஓட்டி வந்தது கூலிக்கு அமர்த்திய டிரைவர். கிளட்சை மிதிக்க அண்ணனின் கால் ஒத்துழைக்காது.

நான் பிரெஞ்சுப் பள்ளியின் பிரெவே பரீட்சை தேறிவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். ஒரு நாள் காலையில் அண்ணன் சாவியை என் கையில் கொடுத்து, "ஏறு. உன் ரெண்டு காலும் நல்லாத்தான இருக்கு" என்றார். அம்மா அன்று முழுக்க எங்களோடு பேசவில்லை. மாதக்கணக்கில் வீட்டுக்குப் பின்னாலிருந்த வெட்டவெளியில் வட்டமடித்து, பிறகு லைசென்ஸும் வாங்கினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடது பக்கம் ஸ்டியரிங் வைத்த அந்த வண்டியை நான் ஓட்டிப்போவதை ஜனங்கள் நின்று பார்ப்பார்கள்.

வண்டிக்கு வேலை கொடுத்தது பிள்ளைச்சாவடியில் மீன் வியாபாரம் செய்த ஓர் அக்கா. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர். கட்டுமரம் கரை சேர்ந்ததும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட் வரைக்கும் ஓட்டமும் நடையுமாக அவர் வரவேண்டும். ஜீப் அதை ஒரே நடையில் முடித்துவிடும் என்று அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

முதல் நாளே மானம் போயிற்று. ரோட்டை விட்டு இறங்கிக் கடற்கரையை நெருங்குவதற்குள் நான்கு சக்கரமும் மணலில் புதைந்துகொண்டன. நான் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி கிணறு தோண்டுவதுபோலக் கீழே போனது. கட்டுமரக் கயிற்றைக் கட்டி ஊரே இழுத்து வெளியே எடுத்தது. அக்கா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அண்ணன் சோர்ந்துபோவார் என்று நினைத்தேன். அவருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. டயர் குறுகல், அதனால்தான் மணலைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு இறங்குகிறது, அகலமான டயர் போட்டால் மேலேயே மிதந்து போகும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் வண்டியில் இருந்தது ஆறு அங்குல டயர். கடலூரில் பழைய இரும்புக் கடை ஒன்றில் ராணுவ டயர்கள் நான்கைக் கண்டுபிடித்தார். அவை ஏழரை அங்குலம். நம் சக்கரத்திலேயே உட்காரும் என்றார்.

"ஏழரையா? நம்பரே சரியில்லியே" என்றார் அம்மா.

அந்த நான்கையும் மாட்டியதுபோல ஒரு வேலையை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. பழைய டயர் சக்கரத்தோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தது. அதன்மேல் ஏறி நின்று நான் குதித்தேன். அண்ணன் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து இரும்புப் பட்டையால் நெம்பினார். சோப்புத் தண்ணீர் தடவி, டியூபைத் திணித்து, புது டயரின் விளிம்பை உள்ளே தள்ளியபோது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே அடுத்த சக்கரத்துக்கு ஓடினேன். காற்றடிக்கக் கைப்பம்புதான். அடித்து அடித்துத் தோள் கழன்றது. ஜாக்கியை இறக்கியதும் வண்டி ஒரு சாண் வளர்ந்துவிட்டதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தெருமுனையில் திருப்பினேன். கர்ரென்று ஒரு சத்தம். டயர் ஸ்பிரிங் பட்டையில் உரசி ரப்பர் சீவிக்கொண்டு வந்தது. அகலம் கூடியதால், முழுசாகத் திருப்பினால் இடம் போதவில்லை. முன் அச்சின் இரண்டு முனையிலும் சக்கரம் எவ்வளவு திரும்பலாம் என்று தடுத்து நிறுத்தும் போல்ட் ஒன்று உண்டு. அண்ணன் அதை வெளியே திருகி நீட்டிவிட்டார். உரசல் நின்றது. ஆனால் வண்டி திரும்ப ஒரு மைதானமே தேவைப்பட்டது.

அடுத்த வாரம் கவலை மீன் ஏராளமாகப் பட்டிருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். போனோம். மணல் தொடங்கும் இடத்தில் அண்ணன் நான்கு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். நான்கு சக்கரமும் இழுக்கும்படி கியரைப் போட்டு, மெல்ல இறக்கினேன். வண்டி புதையவில்லை. அரிசி மூட்டைமேல் நடப்பதுபோல அசைந்து அசைந்து கட்டுமரங்கள் வரை போய்விட்டது. கூடை கூடையாக ஏற்றினார்கள். அக்கா கூடைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வண்டியின் முகம் கடலைப் பார்த்து இருந்தது. கிளப்பி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். வண்டி திரும்பியது, ஆனால் போதுமான அளவுக்கு இல்லை. நேரே அலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம்.

"நிறுத்து, பின்னால எடு" என்றார் அண்ணன்.

இத்தனை பாரத்தோடு அந்தப் பொதமணலில் நின்றால் மறுபடி கிளம்பாது என்று எனக்குத் தோன்றியது. எதிரே ஈர மணல் பளபளத்தது. அதில் நடந்தால் கால் புதைவதில்லை. நான் நிறுத்தவில்லை. ஈரத்தில் ஏறியதும் ஸ்டியரிங் சட்டென்று லேசானது. ஓர் அலை வந்து சக்கரங்களுக்கு அடியில் புகுந்தது. நுரை என் முகம்வரை தெறித்தது. எஞ்சின் ஒரு கணம் செருமியது, மூச்சை நிறுத்தவில்லை. வளைவு முடிந்து முகப்பு கரையைப் பார்த்தது. மிதித்தேன். மேட்டில் ஒரே ஓட்டமாக ஏறி, ரோட்டோரத்தில் போய் நின்றோம். பின்னால் கடற்கரை முழுக்கக் கூச்சல்.

 அண்ணன் பம்பை எடுத்துக்கொண்டு இறங்கி, காற்றடிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

அன்று மார்க்கெட்டுக்கு முதலில் வந்த மீன் எங்களுடையது. காலிக் கூடைகளோடு திரும்பும்போது அக்கா முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கியர் கம்பியையும் என் கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிள்ளைச்சாவடி நெருங்கியபோது கேட்டார்:

"இத்த நான் கத்துக்க எத்தினி நாளாவும்?"

மறு ஞாயிற்றுக்கிழமை, ஈர மணலில் வைத்து, நான் இறங்கி அவரை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தேன்.