ஞாயிற்றுக்கிழமையும் முந்நூற்று நாற்பது லிட்டரும்

பதினோரு வருஷம் உழைத்த ஃப்ரிட்ஜ் ஒரு செவ்வாய்க்கிழமை மண்டையைப் போட்டது. உள்ளே மாவு பொங்கி வழிந்ததைத் துடைத்துவிட்டு, அதே அளவில் இன்னொன்று வாங்கிவிட்டால் கிறிஸ்டினாவுக்கு வேலை தீர்ந்தது. ஆனால் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து ஆரணியில் அந்த வீட்டில் எந்தக் காரியம் அப்படி லேசில் முடிந்திருக்கிறது, இது முடிய?

மாமியார் அஞ்சம்மாளுக்கு அடியில் வெங்காயம் போடுகிற டிராயர் வேண்டும். மகள் ஏஞ்சலுக்கு ஐஸ்கிரீம் உருகாமலிருக்கத் தனி ஃப்ரீசர் வேண்டும். கணவன் ராபின் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு முந்நூற்று நாற்பது லிட்டருக்குக் குறைந்து பேசவே மாட்டேன் என்றான். "உனக்காகத்தான் கிறிஸ்டி" என்று நாலு நாளில் நாற்பது தடவை சொல்லியிருப்பான். கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிறிஸ்டினா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். ஆறு நாளும் காலை ஷிஃப்ட். நாலு மணிக்கு எழுந்து, சோறும் குழம்பும் வைத்து, நாஷ்டாவுக்கு இட்லி ஊற்றி, எல்லாருக்கும் டப்பா கட்டிவிட்டு ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளுக்கென்று இருப்பது. காலையில் சர்ச்சில் பூசை, வந்து கறிக்குழம்பு. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் படுத்தால் ஐந்து மணி வரை அடித்துப்போட்டாற்போலத் தூங்குவாள். அந்த மூன்று மணி நேரம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை அவளால் எழுந்திருக்கவே முடியாது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு ரம்யா, போன வருஷம் பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கியவள். அவளிடம் யோசனை கேட்டாள். ரம்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. எடம் இருக்குதுன்னு எல்லாத்தையும் ஞாயித்துக்கெழமையே செஞ்சி வெக்கச் சொல்றாங்க. வாரத்துக்கும் மாவு அரைச்சி, காய் நறுக்கி, தேங்கா துருவி, ரெண்டு கொழம்பு வெச்சி அடுக்கிட்டு நிமுந்தா பொழுது சாஞ்சிடுது. அதுக்கு அன்னிக்கும் கம்பெனிக்கே வந்துடலாம்."

கிறிஸ்டினா அப்போதே முடிவு கட்டிவிட்டாள். நூற்றுத்தொண்ணூறு லிட்டர். அதற்கு மேல் யார் சொன்னாலும் கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு கடைக்குப் போனார்கள். அங்கே விற்பனைக்கு நின்றவர் முனுசாமி, ஐம்பது வயசுக்காரர். கும்பிடு போட்ட கையோடு கேட்டார்: "ஊட்ல எத்தினி பேரு சார்?"

"நாலு பேரு. விசேஷம்னா பத்து பேரு ஆயிடும்" என்றான் ராபின்.

"அப்ப முந்நூத்தி நாப்பதுதான் கரெக்ட்டு. லீவு நாள்ல மேடம் ஒருவாட்டி செஞ்சி வெச்சிட்டாங்கன்னா வாரம் பூரா டென்ஷனே இல்ல."

"பாரு, நானும் இதத்தான் சொல்லிக்கினு இருக்கிறேன்."

நூற்றுத்தொண்ணூறு லிட்டரைப் பார்க்கலாம் என்று கிறிஸ்டினா இரண்டு தடவை சொன்னாள். ஆண்கள் இருவர் காதிலும் ஏறினால்தானே! முனுசாமி பெரிய கதவைத் திறந்து, இதில் மாவு, இதில் நறுக்கிய காய், இதில் குழம்பு என்று தட்டு தட்டாகத் தொட்டுக் காட்டினார். அவர் தொட்ட தட்டெல்லாம் அவள் செய்ய வேண்டிய வேலை.

"ஏஞ்சலப்பா, இதெல்லாம் ஞாயித்துக்கெழம யாரு செய்றது?"

ராபின் அவளை விநோதமாகப் பார்த்தான். "இன்னா கேள்வி இது? நீதான்."

குரலில் அதிகாரம்கூட இல்லை. இருந்திருந்தாலாவது ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

"அப்ப நான் தூங்க வேணாமா?"

"நைட்டு தூங்குற இல்ல?"

"பதினாறு வருஷமா ஞாயித்துக்கெழம மத்தியானம் கதவ சாத்திக்கினு படுக்கிறேனே, அத இன்னான்னு நெனச்ச?"

ராபின் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"தலவலின்னு நெனச்சேன். அதான் டிவி சவுண்ட கொறச்சி வெப்பேன்."

இந்த மனுஷனை என்னவென்று திட்டுவது? கிறிஸ்டினாவின் வாய்வரை வந்த வசவு ஒன்றும் அவனுக்குப் பொருந்துவதாக இல்லை. ராபின் தலையைக் குனிந்துகொண்டு மேல் தட்டை வெளியே இழுப்பதும் உள்ளே தள்ளுவதுமாக இருந்தான்.

முனுசாமி அவன் கையை மெல்ல விலக்கிவிட்டுப் பெரிய ஃப்ரிட்ஜின் கதவைச் சாத்தினார்.

"மேடம், அந்த நூத்தித்தொண்ணூறு, இன்னா கலர்ல வேணும்?"