லுத்தரன் மண்

பெரியப்பா மகன் குடும்ப வரலாறு எழுத வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். தஞ்சாவூரில், லுத்தரன் கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவை அவன் தள்ளியதும் கிறீச்சென்றது. அந்தச் சத்தத்தில் நான் மறுபடி எட்டு வயதுச் சிறுமியானேன்.

அன்று அடைமழை. அம்மாவின் சவப்பெட்டிமேல் மல்லிகை நனைந்து நாறியது. சபை மூப்பரான பெரியப்பா கதவைப் பூட்டிவிட்டுக் குடைக்குள் நின்றார்.

"பெந்தெகொஸ்தேல போயி முங்கி ஞானஸ்நானம் எடுத்தவளுக்கு லுத்தரன் மண்ணு கேக்குதோ?"

அப்பா காலில் விழுந்தும் திறக்கவில்லை. பெட்டியை வேறிடம் தூக்கிப்போனோம்.

"சித்தி கல்லறையைக் காணோமேக்கா? நாம பரம்பரை லுத்தரன்தானே?" என்றான் பெரியப்பா மகன், கல்லறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு.

"எங்கம்மா பெந்தெகொஸ்தே. உங்கப்பன் உள்ள விடல. அப்படியே எழுது."

"அப்பாவைப் பத்தி எப்படிக்கா எழுதுறது?"

"எழுதுற வரைக்கும் அம்மா இருக்குற இடத்தைச் சொல்ல மாட்டேன்."

தஞ்சாவூர் முழுக்கத் தேடட்டும் என்று பஸ் ஏறிவிட்டேன்.