மதிவதனியின் கை ஆபரேஷன்

மதிவதனிக்குக் கையில் ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், போன ஆவணியில் ஒரு வாரம் முழுக்க விருத்தாசலத்தில் அவளைத் தெரிந்த அத்தனை பேரும் அவளுக்குக் கையில்தான் ஆபரேஷன் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வயது இருபத்தைந்து. பத்தாவது முடித்த கையோடு பீங்கான் பொம்மைக் கம்பெனிக்கு வந்தவள். ஒன்பது வருடமாக அதே மூலை, அதே குட்டை முக்காலி. பிசிறு எடுப்பது அவள் வேலை. அச்சில் ஊற்றி எடுத்த யானை பொம்மை ஈரத்தோடு வரும்போது, அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் நெற்றியிலிருந்து வால் வரை ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். அவள் கைபட்ட யானையில் அந்தக் கோடு எங்கே இருந்தது என்று மேஸ்திரி நடராசன் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினாலும் கிடைக்காது.

எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அதைக் குறைக்க வழி சொல்லாத ஆள் ஊரில் இல்லை. பெண்ணாடம் பஸ் கண்டக்டர் ஒருவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே சுரைக்காய் ஜூஸ் குடிக்கச் சொன்னார். பின்சீட்டிலிருந்து ஒருவர் சுரைக்காய் வேண்டாம், வாழைத்தண்டு என்றார். இறங்குவதற்குள் பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. மதிவதனி எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். ஒரு வருடம் தினமும் கொள்ளு ரசம் குடித்தாள். எடை குறையவில்லை, கொள்ளு மேல் இருந்த பிரியம் மட்டும் குறைந்தது.

அவளுக்கும் அது பழகிப்போயிருந்தது. சாயந்திரம் முக்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது பக்கத்து முக்காலி பெரியநாயகி அக்கா ஒரு கையைப் பிடித்து இழுப்பாள். மூட்டு இரண்டும் நடராசனின் பழைய சைக்கிள் மாதிரி சத்தம் போடும். அதோடு போனால் பரவாயில்லை. இந்த வருடம் தூக்கம் வந்து சேர்ந்தது. ராத்திரி எட்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கியும் பகலில் கண் சொக்கியது. குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் என்று டவுன் டாக்டர் சொன்னார். சர்க்கரையும் எட்டிப் பார்க்கிறது என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சீவிக்கொண்டிருந்த யானையோடு அவள் தலை தொங்கியது. கண் விழித்தபோது தும்பிக்கை மடியில் கிடந்தது. அந்த வாரத்தில் அது மூன்றாவது தும்பிக்கை.

"என்னம்மா, பன்னி பொம்மைக்கு ஆர்டர் ஏதும் வந்திருக்குதா? எனக்குத் தெரியாதே" என்றார் நடராசன்.

கம்பெனியே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதாள். உடம்பைச் சொன்னதற்கெல்லாம் அழாதவள், வேலையைச் சொன்னதற்கு அழுதாள். இந்த ஊரில் அவளுக்கென்று ஒரு பெயர் இருந்ததென்றால் அது அந்தக் கோடு தெரியாத யானைதான்.

அதன் பிறகுதான் அம்மா வாசுகியைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். செலவுக்குத் திருப்பூர் அண்ணன் பொறுப்பேற்றுக்கொண்டான். அங்கே ஒரு பெண் டாக்டர் காகிதத்தில் இரைப்பையை வரைந்து, நெடுக ஒரு கோடு போட்டு விளக்கினார். இது ஸ்லீவ் ஆபரேஷன். ஸ்லீவ் என்றால் சட்டைக் கை. பை மாதிரி இருக்கிற இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சட்டைக் கை மாதிரி ஒரு குழாயாக்கிப் பின் அடித்துவிடுவார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே போதும் என்று ஆகிவிடும். சத்து மாத்திரை ஆயுசுக்கும் போட வேண்டும்.

"வெட்டினா வெட்டினதுதான். திரும்ப ஒட்ட முடியாது. நல்லா யோசிச்சு அடுத்த திங்கட்கிழமை போன் பண்ணுங்க. யார் சொன்னாங்கன்னும் செய்ய வேணாம், யார் சொன்னாங்கன்னும் விட வேணாம்" என்றார் டாக்டர்.

இவ்வளவும் நடக்கும்போது வாசுகி டீ குடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "அப்ப ஸ்லீவ்தான் உங்களுக்குச் சரியா வரும்."

பஸ்ஸில் நெய்வேலி தாண்டியதும் வாசுகி மகளின் புஜத்தை மெல்லத் தடவினாள்.

"ஏன்டி, சிலீவு புடிக்குதுன்னா டெய்லரு திருமால் அண்ணன்கிட்டச் சொன்னா பிரிச்சு விடமாட்டாரா? அதுக்குப் போய் சதையை வெட்டணுமா?"

மதிவதனி வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கை என்றதால் அம்மா பயப்படாமல் இருக்கிறாள். வயிறு என்றால் இந்த பஸ்ஸிலேயே மாரில் அடித்துக்கொள்வாள். கண்டக்டர் வேறு இருக்கிறார். "பாக்கலாம்மா" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை குழாயடியில் வாசுகி பெரியநாயகியிடம் சொன்னாள். மத்தியானத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது.

"ஒரு கைக்கா, ரெண்டு கைக்குமா?" என்று கேட்டாள் பெரியநாயகி.

"இன்னும் முடிவு பண்ணலக்கா."

"ரெண்டையும் பண்ணிடு. ஒண்ணு மட்டும் பண்ணா நடக்கும்போது ஒரு பக்கமா இழுத்துக்கினு போவும்."

வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு வாரம் மதிவதனிக்கு வாழ்க்கையிலேயே நிம்மதியான வாரமாக இருந்தது. ஊரே அவள் கையைப் பற்றிப் பேசியது. யாரும் சுரைக்காய் சொல்லவில்லை. அவள் தட்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சாயந்திரம் வழக்கம்போல் அவளுக்கு ஆறு போண்டா வந்தபோது, "சாப்புடு சாப்புடு, கைக்குத் தெம்பு வேணும்" என்று பெரியநாயகி தன் பங்கிலிருந்தும் ஒன்று எடுத்து வைத்தாள். எல்லோரும் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், தன் வயிற்றைப் பற்றித் தனியாக உட்கார்ந்து யோசிக்க அவளுக்கு இடம் கிடைத்தது.

யோசிக்க யோசிக்க அவளைக் குடைந்தது ஒரே சொல்தான்: ஒட்ட முடியாது. ஈர யானைக்குத் தும்பிக்கை போனால் தண்ணீரில் கரைத்து மறுபடி அச்சில் ஊற்றலாம். சூளையில் வெந்த யானைக்குப் போனால் குப்பைதான். தான் ஈர யானையா, வெந்த யானையா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று முடிவு செய்தாள். சனிக்கிழமை நான்காவது தும்பிக்கை போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை தையல்காரர் திருமால் வீட்டுக்கே வந்துவிட்டார். கழுத்தில் டேப், காதில் நீலச் சாக்பீஸ் துண்டு, முகத்தில் துக்கம்.

"ஏன்மா, பதினோரு வருசமா உனக்கு ஜாக்கெட்டு தைக்கிறேன். கை புடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஆபரேஷன் வரைக்கும் போவணுமா? நாளைக்கு ஊருல என்ன சொல்லுவான்? திருமால் தைச்ச ஜாக்கெட்டுக்குள்ள நுழையறதுக்கு ஆஸ்பத்திரியில கையைச் சீவிக்கினு வந்தாங்கன்னு சொல்ல மாட்டான்?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல மாமா."

"கையை நீட்டு."

நீட்டினாள். அளந்தார். அவள் போட்டிருந்த ஜாக்கெட்டின் கையையும் அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். பிறகு நீதிபதி மாதிரி நிமிர்ந்து வாசுகியைப் பார்த்தார்.

"கை பதினாறரை. நான் வெச்சது பதினேழரை. ஒரு இஞ்சு லூசாவே இருக்குது. இந்தக் கையில வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க."

வாசுகி மகள் பக்கம் திரும்பினாள். "அப்ப எதைத்தான்டி வெட்டப் போறாங்க?"

இனி தப்பிக்க வழியில்லை. மதிவதனி சொன்னாள். சட்டைக் கையையே பிடித்துக் காட்டிச் சொன்னாள். வாசுகி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பின்னு அடிப்பாங்களா? வயித்துலயா? அது என்ன பரீட்சைப் பேப்பரா? சாம்பார் பட்டா துருப் புடிக்காதா?"

"துருப் புடிக்காத பின்னுதாம்மா."

திருமாலுக்குத் துக்கம் போய்த் தொழில் புத்தி வந்திருந்தது. "நெடுக வெட்டி ஒரு தையல். சரி. உள்ள எவ்வளவு துணி விடுவாங்க?"

"விட மாட்டாங்க மாமா. வெட்டி வெளிய எடுத்துடுவாங்க."

"பின்னாடி பிரிச்சு விடணும்னா?"

"பிரிக்க முடியாது."

"ஒரு இஞ்சு கூட உள்ள விடாம வெட்டறதா?" திருமால் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "எந்த டெய்லரும் அந்த மாதிரி வெட்ட மாட்டான்மா. வாடிக்கை போயிடும்."

வாசுகி அழ ஆரம்பித்தாள். "வேணாம்டி. நீ இப்படியே நல்லாத்தான் இருக்குற. யாரு என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கறேன். உடம்பைப் பத்தி எவளாவது பேசட்டும், நான் பாத்துக்கறேன்."

"உடம்பைப் பத்திப் பேசறதுக்காக இல்லம்மா" என்றாள் மதிவதனி. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. "தூக்கத்துல மூச்சு நிக்குதாம். பகல்ல கண்ணைச் சொக்குது. நாலு தும்பிக்கை போயிடிச்சிம்மா. ஒம்போது வருசத்துல எனக்கு ஒண்ணு கூடப் போனதில்ல. இன்னும் கொஞ்ச நாள்ல நானே எழுந்திரிக்க மாட்டேன்னு பயமா இருக்குது."

வாசுகி மூக்கைச் சிந்தினாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "நாலா? மூணுன்னு தானே பெரியநாயகி சொன்னா?"

"நேத்து ஒண்ணு."

"சரி, போன் பண்ணு. ஆனா அந்த டாக்டரம்மாகிட்ட நான் பேசணும். இந்தத் தடவை டீ குடிக்கப் போவ மாட்டேன்."

திங்கட்கிழமை சாயந்திரம் டீ நேரத்தில், முக்காலியில் உட்கார்ந்தபடியே மதிவதனி போன் செய்தாள். அந்தப் பக்கம் நர்ஸ், எந்த ஆபரேஷன் என்று கேட்டார். ஸ்லீவ் என்றாள். இரைச்சலில் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். அப்போதும் கேட்கவில்லை.

"வயித்துக்குங்க! வயித்தைத்தான் வெட்டணும்! கையை இல்ல!"

ஒன்பது வருடத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அச்சு ஊற்றுகிறவர்கள் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். நடராசன் கண்ணாடியைக் கழற்றினார். தீபாவளி கழித்து ஒரு தேதி குறித்துக்கொண்டு அவள் போனை வைத்தாள்.

பெரியநாயகிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப இனிமே ஆறு போண்டா?"

"ஒண்ணு சாப்புட்டாலே பெருசாம் அக்கா. டாக்டர் போண்டாவே வேணாங்கறாங்க."

"மிச்சம் அஞ்சையும் யாரு சாப்புடறது? உனக்கு ஆபரேஷன் பண்ணி என் வயித்தைப் பெருக்க வைக்கிறியே, பாவி" என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்து அவளைத் தூக்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் திருமால் புது ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போதைய அளவுக்குத்தான் தைத்திருந்தார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், இரண்டு பக்கமும் நீலச் சாக்பீஸில் வரிசையாகக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். முதல் கோட்டில் பொங்கல். அடுத்ததில் மாசி மகம். அதற்கடுத்ததில் ஆடி.

"அந்தந்த மாசம் எடுத்துக்கினு வா. அந்தந்தக் கோட்டுல புடிச்சுத் தர்றேன். ஒரு நூல் கூட வெட்ட மாட்டேன். எல்லாம் உள்ளயே இருக்கும்."

ஆடிக்கு உள்ளே, வெகு அருகில், இன்னொரு கோடு இருந்தது. அதன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மதிவதனி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"போதும். இதுக்கு மேல இளைச்சா வேற டெய்லரைப் பாத்துக்கோ."