திவாலான அணியின் டீக்கடை

புது டிவி வந்த அன்று மாமா அதற்குச் சந்தனம் தெளித்து, கண்ணாடியின் வலது மூலையில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். சுவரில் இரும்புத் தாங்கியில் ஏற்றி, மல்லிகைச் சரம் போட்டு, சூடம் காட்டினார். அன்று சாயந்திரம் ஆட்டம். அந்த மூலைப் பக்கம் ஓடிய வெள்ளைக்கார ஆட்டக்காரன் ஒவ்வொருவனும் ஒரு கணம் நெற்றியில் பொட்டோடு ஓடினான். கடையிலிருந்த பர்மியப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் துடைக்க எழுந்தபோது மாமா விடவில்லை. "கண்ணு படாம இருக்கட்டும்டா," என்றார். அன்று அணி ஜெயித்துவிட்டது, அதனால் அந்த சீசன் முழுக்க யாரும் பொட்டைத் தொடவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார். யாங்கோனில் டீக்கடைக்கும் இங்கிலாந்துக் கால்பந்துக்கும் உள்ள உறவைப் புதிதாய் வருகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அந்தத் தெருவில் கடைக்கு ஓர் அணி உண்டு. அந்த அணிக்காரர்கள் அந்தக் கடையில்தான் உட்காருவார்கள். எதிர் அணிக்காரன் தெரியாமல் வந்து உட்கார்ந்தால் அவனுக்கு டீ ஆறித்தான் வரும். மாமா கடையின் அணி எது என்று நான் எழுதப் போவதில்லை. அதன் ரசிகர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், நானும் அந்தத் தெருவில் நடமாட வேண்டும். மேல் வரிசையில் ஆடிய பெரிய அணி என்பது மட்டும் போதும்.

சனிக்கிழமை சாயந்திரங்களில் கடை பிதுங்கும். முக்காலி கிடைக்காதவர்கள் நடைபாதையில் குந்துவார்கள். மாமா கல்லாவுக்குப் பின்னால் நின்று, லோஞ்ஜியை இழுத்துக் கட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போவார். நான் போட்டாதாங்கில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். என் கண் வேறு இடத்துக்குப் போகும். ஆளுக்கு ஒரு டீ. அது தீர்ந்ததும் மேசையில் இருக்கும் பிளாஸ்க்கிலிருந்து வெறும் பச்சைத் தேநீர். எங்கள் ஊர்க் கடைகளில் அது எத்தனை கோப்பை குடித்தாலும் இலவசம். ஆட்டம் முடியும்வரை அதிலேயே ஓட்டிவிடுவார்கள். "மாமா, வந்தவன் எல்லாம் சும்மா கிடைக்கிறதைத்தான் குடிக்கிறான்," என்பேன். "அட போம்மா. கூட்டம் நிக்குதே, அதைப் பாரு. கூட்டம் இருக்கிற இடம் சாயாது," என்பார். அந்த வார்த்தை எந்நேரமும் அவர் வாயில் இருக்கும்.

அவருடைய அணியும் அதே தெம்பில்தான் இருந்தது. மைதானம் வாராவாரம் நிரம்பியது. ஆனால் வருகிற வருமானத்தைக் காட்டிலும் ஆட்டக்காரர்களின் சம்பளம் பெரிது. அடுத்த வருஷமும் மேலேதான் இருப்போம், ஐரோப்பியக் கோப்பையில் ஆடுவோம், டிவிக்காரன் பணத்தைக் கொட்டுவான் என்று, வராத வருஷங்களின் டிக்கெட் பணத்தை ஈடு வைத்து இப்போதே ஆள் வாங்கினார்கள். இதைப் படித்து மாமாவுக்கு விளக்கினேன். காதில் வாங்கினால்தானே! அவர் அப்போது பக்கத்து அறையையும் எடுத்து, நடுச்சுவரை இடித்து, இன்னொரு டிவி மாட்டும் அவசரத்தில் இருந்தார். அந்த அறைக்காரர் வாடகை மொத்தத்தையும் முன்னாலேயே வைக்கச் சொன்னார். அத்தையின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. சர்க்கரையும் டப்பாப் பாலும் கொடுக்கும், லத்தா என்ற கடைவீதிப் பகுதியிலிருந்த மொத்த வியாபாரியிடம் சரக்கும் கடனுக்கு, கைமாற்றும் வாங்கியாயிற்று. அணி மேலே இருந்தால் கடை பிழைக்கும், இல்லாவிட்டால் இல்லை. "உன் மாமாவுக்கு இங்கிலாந்துல பதினோரு பேர் ஓடிச் சம்பாதிச்சுக் குடுக்கறாங்க," என்று அத்தை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வயிற்றெரிச்சல் இருந்தது.

அந்த வருஷமே அணி தோற்கத் தொடங்கியது. முதலாளி கையை விரித்தார். கடன் கொடுத்தவர்கள் கழுத்தைப் பிடித்தார்கள். திவால் சட்டப்படி நிர்வாகிகள் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டார்கள். லீக் தண்டனையாகப் புள்ளிகளை வெட்டியது. அணி கீழ் வரிசைக்கு இறங்கியது. மாமா நம்பவே இல்லை. "அவ்வளவு பெரிய மைதானம், அத்தனை ஜனம், அது எப்படிம்மா திவாலாகும்?" என்று திருப்பித் திருப்பி என்னையே கேட்டார், நான்தான் திவாலாக்கியது போல. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. கீழ் வரிசை ஆட்டங்கள் எங்கள் ஊர் டிவியில் வருவதில்லை. இடித்து விரித்த கடையில் இரண்டு டிவியிலும் காட்ட ஆட்டம் இல்லை. பையன்கள் கொஞ்ச நாள் மரியாதைக்கு வந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எதிர்க்கடைக்குப் போனார்கள். தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், அதை மட்டும் பாராட்ட வேண்டும்.

மாமா ஈ ஓட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு மத்தியானம் இன்னொரு செய்தியைப் படித்துக் காட்டினேன். அணியின் கடன்களைத் தீர்க்கும் ஏற்பாடு பற்றியது அது. ஆட்டக்காரர்களின் சம்பளப் பாக்கியும் மற்ற அணிகளுக்குத் தர வேண்டியதும் முழுசாகக் கொடுக்கப்படும். கொடுக்காவிட்டால் திரும்ப ஆட விடமாட்டார்கள். மைதானத்துக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவர், சட்டை துவைத்தவர், அடிபட்டவனுக்குக் கட்டுப் போட வந்து நின்ற தொண்டர்கள், இவர்களுக்கெல்லாம் பேருக்கு ஏதோ சொற்பம். மாமா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"ஓடுனவனுக்கு முழுசா, ரொட்டி சுட்டவனுக்குக் கிள்ளியா?"

"விதி அப்படி மாமா. இல்லேன்னா ஆட்டம் நடக்காதே."

"ஆட்டம் நடக்கும். அந்த ஆள் வீட்டு அடுப்பு எரியுமா?"

அணி தோற்றபோதும் இறங்கியபோதும் அவர் வருத்தப்பட்டார். கோபப்பட்டது அன்றுதான். சாந்தமான மனிதர், அவர் முகம் அப்படிச் சிவந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் டிவிகளையும் புது மேசைகளையும் விற்றார். கைக்கு வந்தது எல்லாருக்கும் போதாது. என்னிடம் யோசனை கேட்டார், சொன்னேன். லத்தா வியாபாரியை முதலில் தீர்த்துவிடுங்கள், அவர் சரக்கை நிறுத்தினால் கடையே இல்லை, சின்னவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் ஈச்சாகுவே கொண்டுவரும் பர்மியப் பெண்மணியைக் கூப்பிட்டு முழுப் பாக்கியையும் கொடுத்தார். ஈச்சாகுவே என்பது எண்ணெயில் பொரித்த நீள மாவு. டீயில் தோய்த்துத் தின்போம். பிறகு பால்காரர், கரி மூட்டை போடுகிறவர், கோப்பை கழுவிய பெண் என்று வரிசையாகத் தீர்த்தார். கடைசியில் லத்தாவுக்குப் போய் மிச்சத்தை வியாபாரி முன்னால் வைத்து, "பாக்கியை உழைச்சுத் தரேன்," என்றார். வியாபாரி திட்டவில்லை. சரக்கை நிறுத்திவிட்டார், சீக்கிரமே கடையும் போயிற்று.

அத்தை பல நாள் அவரோடு பேசவில்லை. பேசியபோது, "வளையலையும் அந்தக் கரிக்காரனுக்கே குடுத்திருக்கலாமே," என்றாள். எனக்கும் ஆத்திரம் பொங்கியது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாரே என்று வீட்டில் போய் அழுதேன். மாமா மட்டும் நன்றாகத் தூங்கினார் என்று அத்தை சொன்னாள்.

இப்போது அவர் எதிர்க்கடையில் சம்பளத்துக்கு டீ ஆற்றுகிறார். லத்தா கடன் ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது, வளையல் மீளவில்லை. சமீபத்தில் அவருடைய அணி புது முதலாளியின் கையில் மறுபடி மேல் வரிசைக்கு ஏறியது. முதல் ஆட்டம் காட்டிய சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன். பழைய பையன்கள், இப்போது தொப்பை வைத்தவர்கள், அணிச் சட்டையை எங்கிருந்தோ தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மாமாவை அவர்கள் பர்மியத்தில் ஊலே என்று கூப்பிடுவார்கள். "ஊலே, வாங்க! நம்ம டீம் திரும்பி வந்தாச்சு!" என்று ஒரே கூச்சல்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார். "நீ எல்லாம் படிக்கிறவளாச்சே. அந்த ரொட்டிக்காரனுக்கு மிச்சத்தைக் குடுத்துட்டாங்களா?"

போனில் தேடினேன். புது ஆட்டக்காரர்களின் விலை இருந்தது. புது முதலாளியின் சிரித்த படம் இருந்தது. மைதானத்துக்குப் போட்ட புது விளக்குகள்கூட இருந்தன. ரொட்டிக்காரரைப் பற்றி ஒரு வரி இல்லை.

"ஒண்ணும் போடலை மாமா."

"குடுத்ததும் சொல்லு. அப்ப வந்து பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் கடையே எழுந்து நின்று கத்தியது. கோல். மாமா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.