சின்ன டேங்க் பை

என் மகள் காய்ச்சலில் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை. பைக்கில் ஏறினால் மட்டும் பெட்ரோல் டேங்க் மேல் கண் போகும். அங்கேதான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்து வருவாள். அந்த இடத்தை மறைத்துவிட நினைத்து, உத்திரமேரூரில் சீட் கவர் தைக்கும் பாய் கடைக்குப் போனேன். முன்பு அவளோடு போன கடைதான்.

“டேங்க் முழுக்க மூடுற மாதிரி பெரிய பையா குடுங்க பாய்.”

“இன்னா சார், அத்த மாட்டிக்கினா பாப்பா எங்க குந்தும்?”

அவரே ஒரு சின்னப் பையை ஹேண்டில்பாரை ஒட்டிக் கட்டினார். மீதி இடத்தைச் சாண் போட்டுப் பார்த்தார்.

“எடம் கீது சார். ஜிப்ப அந்தப் பக்கம் திருப்பிட்டேன், பாப்பா கால்ல கீறாது. இன்னா கிளாஸ் படிக்குது?”

“ஒண்ணாவது” என்றேன்.

அதன்பின் பை கிழிந்து தைக்கப் போகும்போதெல்லாம் கேட்பார். நானும் வருடம் தப்பாமல் ஒவ்வொரு வகுப்பாகச் சொல்லிவந்தேன். இது என் மனைவிக்குத் தெரியாது.

போன மாதம் “ஆறாவது” என்றேன்.

“அப்ப வளந்திருக்குமே! இனிமே டேங்க் மேல எங்க குந்தப் போவுது? பெரிய பையே போட்டுடட்டுமா சார்?”

“வேணாம் பாய். சின்னதே இருக்கட்டும்.”

அன்று வீடு வரும்வரை, எப்போதும்போல் சீட்டில் கொஞ்சம் பின்னால் தள்ளியே உட்கார்ந்திருந்தேன்.