பட்டை ஒயர்

விழுப்புரத்தில் என் மேசைமேல் அப்பாவின் பழைய ஹார்டு டிஸ்க் ஓடாமல் டிக், டிக் என்று தட்டிக்கொண்டிருக்கிறது. டிஸ்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இப்போதைய சாட்டா ஒயர் விரல் அகலம்தான். இந்தப் பழைய ஐடிஇ ஒயர் மூன்று விரல் அகலத்தில் சாம்பல் நிறப் பட்டை.

சின்ன வயதில், திண்டிவனத்தில் அப்பாவின் வீடியோ கடையில் இதைத்தான் சடையில் ரிப்பனாகக் கட்டிக்கொண்டு ஆடினேன். அம்மா கேமராவில் பிடித்தாள்.

"ஒயரக் குடுடி, கல்யாண வீடியோ காப்பி பண்ணணும்," என்றார் அப்பா.

"கட்டிக்கினு இருக்கட்டும் வுடுங்க, அழகா கீது," என்று அம்மா சிரித்தாள்.

அம்மா இறந்துவிட்டாள். அவள் குரல் இந்த டிஸ்கில், அந்த வீடியோவில் மட்டுமே இருக்கிறது.

டிஸ்க் நின்றால் அப்பா அன்றெல்லாம் முதலில் ஒயரைத்தான் மாற்றுவார், பெரும்பாலும் ஓடிவிடும். இன்றும் என் பக்கத்தில் உட்கார்ந்து, "வேற ஒயரு போட்டுப் பாரும்மா," என்கிறார்.

கெட்டது ஒயர் அல்ல, டிஸ்கின் உட்புறம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு ஒயரை எடுத்து மாட்டுகிறேன். அப்பா குனிந்து காதைப் பக்கத்தில் வைக்கிறார்.