எஸ்தர் ஒப்பித்த ஏழாம் வாய்ப்பாடு

தட்... தட்... தட்...

ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆவாரம்பட்டை இடிக்கிற மில். தோல் பதனிடப் பட்டை வேண்டும், பட்டைக்கு உலக்கை வேண்டும், உலக்கைக்கு ஓய்வே வேண்டாம். தலைக்கு மேலே தகரக் கூரை. கீழே ஒரே நீளக் கூடம். அதில் தடுப்பில்லாமல் மூன்று வகுப்பு, மூன்று வாத்தியார். ஒன்றாம் வகுப்பு அ, ஆ என்று அலறும். இரண்டாம் வகுப்பு செய்யுள் பாடும். மூன்றாம் வகுப்பான நாங்கள், இரண்டு பேரையும் தோற்கடிக்கவே வாய்ப்பாடு சொல்லுவோம்.

என்கூடப் படித்த தோஸ்துகளே, மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சத்தத்தில் என் பங்கு ஜாஸ்தி. சிலேட்டில் குச்சியைக் கீறி ஊரையே பல் கூச வைத்தவன் நான்தான்.

காலையில் வாய்ப்பாட்டு நேரம். பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. நடுவே சார் பிரம்போடு நடப்பார். எல்லாரும் சேர்ந்து கத்த வேண்டும். எனக்கு ஆறாம் வாய்ப்பாடு மட்டும்தான் தெரியும். அதிலும் 'எட்டாறு' வந்தால் வழுக்கி ஒன்பதாறில் போய் விழுவேன். ஆகவே எந்த வாய்ப்பாடு நடந்தாலும், சத்தமில்லாமல் ஆறாம் வாய்ப்பாட்டையே வாயசைத்துக்கொண்டிருப்பேன். மற்றவர்களுக்கு வாய்ப்பாடு வாய் படும் பாடு. எனக்கு அந்தப் பாடும் இல்லை.

எனக்கு நேர் எதிரே எஸ்தர் உட்கார்ந்திருப்பாள். அவள் அப்பா தோல் மண்டியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. சின்ன வயதில் காய்ச்சல் வந்து அவளுக்குக் காது மந்தமாகிவிட்டதாம். எங்களுக்கு அதெல்லாம் எங்கே புரிந்தது? பேசுகிறவர் வாயையே உற்றுப் பார்ப்பாள் என்பது மட்டும் தெரியும். என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் நாக்கைத் துருத்துவேன்.

ஒருநாள் சார் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். நாலாம் வகுப்புக்கு யார் போகலாம் என்று பார்க்கிற நாள் அது.

"எஸ்தர், ஏழாம் வாய்ப்பாடு."

எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். ஓராறு ஆறு, ஈராறு பன்னிரண்டு...

கூடமே சிரித்தது. அவள் நிறுத்தவில்லை. சிரிப்பு அவளுக்குக் கேட்கவில்லை போல. ஏழாறு நாற்பத்திரண்டு என்றாள். அடுத்து, எட்டாறை விட்டுவிட்டு ஒன்பதாறுக்குத் தாவினாள்.

நான் சிரிப்பதை நிறுத்தினேன். அது என் ஓட்டை. என் வாயிலிருந்து எடுத்தது.

சார் பெருமூச்சு விட்டார். "ஒண்ணும் ஏறலயேம்மா உனக்கு. நாளைக்கு அப்பாவ இட்டுனு வா. பேர எடுத்துடலாம்."

மறுநாள் அவள் அப்பா வந்தார். சுண்ணாம்பில் வெந்து வெளுத்த கால். வாசற்படிக்கு வெளியேயே நின்றார்.

"ஊட்ல நல்லாத்தான் பேசுது சார். சொன்னா செய்யுது. இங்க வந்தா இன்னா ஆவுதுன்னு தெரியல."

"மூணு வருசமா பாக்கிறேன்பா. உக்கார வச்சு இன்னா பிரயோசனம்?"

"அப்ப அவ அம்மாகூட ஆட்டு ரோமம் பிரிக்க அனுப்பிடறேன் சார்."

எஸ்தர் சிலேட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி.

எப்படி எழுந்தேன் என்று இன்னும் தெரியவில்லை. "சார்... அவ சொன்னது என் வாய்ப்பாடு சார்."

"இன்னாடா உளர்ற?"

எல்லாம் சொன்னேன். ஆறைத் தவிர ஒன்றும் தெரியாது என்பதையும். என்றைக்கும் அவரைச் சிரிக்க வைக்கப் பேசுகிறவன், அன்றைக்கு அழுதுகொண்டே பேசியதால் அதிசயமாகக் கூடம் முழுவதும் வாயை மூடியது. பக்கத்து வகுப்பு வாத்தியார்கள்கூட வேடிக்கை பார்க்க வந்தார்கள். மில்லிலும் உலக்கை நின்றிருந்தது. பட்டை மாற்றுகிற நேரம்.

சார் என்னை விட்டுவிட்டு எஸ்தருக்கு எதிரே போய்க் குந்தினார். சாதாரணக் குரலில், அவள் முகத்தைப் பார்த்து, நாங்கள் இன்னும் படிக்காத பதிமூன்றாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தார். "ஒரு பதிமூணு பதிமூணு." அவள் திருப்பிச் சொன்னாள். "ரெண்டு பதிமூணு இருபத்தாறு." திருப்பிச் சொன்னாள்.

சாருக்கு இருமல் வந்தது. அவர் இருமி முடிப்பதற்குள் அவளே மெதுவாக, "மூணு பதிமூணு முப்பத்தொம்பது. நாலு பதிமூணு அம்பத்திரண்டு" என்றாள்.

வாசலில் நின்றவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

சார் அடுத்த கேள்விக்கு வாய் திறந்தார். அதற்குள் மில் ஓட ஆரம்பித்தது. ஒன்றாம் வகுப்பு அலறியது, இரண்டாம் வகுப்பு பாடியது. கொஞ்சநஞ்சம் காதில் விழுந்ததும் சத்தத்தில் முங்கிவிட, எஸ்தரின் முகம் அப்படியே அணைந்துபோனது. சார் கேட்டதையே மறுபடி கேட்டார். அவள் விழித்தாள்.

சார் எழுந்தார். கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு அவள் அப்பாவிடம் போய், "நீ வேலைக்குப் போப்பா. அவ இங்கயே இருக்கட்டும்" என்றார்.

எனக்கு ஆறு அடி. எண்ணி, வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். ஏழாவது இல்லை என்பதில்தான் அவர் கருணை.

அதற்கப்புறம் சொல்வதெழுதுதல் நடத்தும்போது சார் முதுகைக் காட்டி நடக்கவே இல்லை, கவனித்திருப்பீர்கள். எஸ்தரைச் சுவரோரம், தனக்கு முன்னால் உட்கார வைத்தார். கணக்கை மட்டும் மணியடித்த பிறகு, கூடம் காலியானதும் சொல்லித் தந்தார். அவளுக்கு எதிரே உட்கார வேண்டிய தண்டனை எனக்கு. பதினாறாம் வாய்ப்பாடு வரை எனக்கு வருகிறதென்றால் அதனால்தான்.

இப்போது எனக்குப் பதினேழு. மண்டியில் தோல் எண்ணிச் சொல்லும் வேலை. போன வாரம் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன். அதே கூடம், அதே மில், நடுவில் மட்டும் மூங்கில் தட்டி. சத்தம் தட்டியை மதிக்கிறதா என்ன?

ஆனால் ஒன்றாம் வகுப்பில் கத்தல் இல்லை. எட்டாவது முடித்துவிட்டு எஸ்தர் அங்கே உதவி டீச்சர். கும்பலாகச் சொன்னால் அவளுக்குப் பிடிபடாது. அதனால் ஒவ்வொரு பிள்ளையும் கிட்டே வந்து, முகத்துக்கு நேரே நின்று, தனியாகச் சொல்ல வேண்டும். யாரும் யார் சத்தத்துக்குப் பின்னாலும் ஒளிய முடியாது.

நல்லவேளை, நாம் அந்தக் காலத்தில் படித்துவிட்டோம். இவளிடம் மாட்டியிருந்தால் நான் இன்னும் ஒன்றாம் வகுப்பில்தான் இருப்பேன்... படித்துக்கொண்டு.